வாயாலயே ஓடுற படங்கள்: நாடகத்தைப் படமாக்கலாமோ?

ஜூன் 7

"நாடகத்தில இருந்து எடுத்த படங்களை ஏன் இன்னும் தலையில தூக்கி வச்சு ஆடுறியள்? சினிமா எண்டால் காட்சி ஊடகம். ஒரு அறைக்குள்ள நாலு பேர் இருந்து கதைக்கிறதைக் கேக்கிறதெண்டால் ரேடியோ காணும், படம் எதுக்கு?" எண்டு கோண்டாவில் தம்பி கேட்டிருக்கிறார். அவர் குறும்படம் எடுக்கிறவர். ஆரோ ஒரு மேடை நாடகத்தைப் படமாக்கித் தரச் சொல்லிக் கேட்டு, செய்யிறதோ விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறாராம். அதால சும்மா வாய்க்கு வந்த கேள்வி எண்டு விட்டிட்டுப் போகேலாது.

தம்பி, தமிழ்ப்படத்தில இருந்து நாடகத்தைக் கழிச்சால் அந்தக் காலத்தில என்ன மிஞ்சும் எண்டு முதல் பாருங்கோ. வேலைக்காரி (1949) அண்ணாத்துரையின்ர நாடகம். பராசக்தி (1952) நாடகம். ரத்தக்கண்ணீர் (1954) நாடகம். வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) சிவாஜியே மேடையில போட்டுப் பழுத்த பிறகுதான் படமானது. பாலச்சந்தரின்ர சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, மேஜர் சந்திரகாந்த், எதிர்நீச்சல் எல்லாமே மேடையில கைதட்டு வாங்கினதுகள். தமிழில முதல் சினிமாஸ்கோப் படம் ராஜராஜ சோழன் (1973), அதுவும் டி.கே.எஸ். சகோதரர்கள் போட்ட நாடகம்தான்.

பழசு எண்டதால நல்லது எண்டு நான் சொல்ல வரேல்லை. இதில கனக்கப் படம் இப்ப இருந்து பாக்க ஏலாது. ஆனா ஏலாமப் போனதுக்குக் காரணம் கதை, அதாவது பேச்சு, கூடினதோ எண்டதுதான் எனக்குச் சந்தேகம்.

ஜூன் 8

ரேடியோ காணும் எண்ட சொல்லு ராத்திரி முழுக்க மண்டைக்குள்ள நிண்டது.

90 இல கரண்ட் போன பிறகு எங்கட வயசுக்காரர் கேட்டு வளந்தது எப்பிடியெண்டு இஞ்ச கனபேருக்குத் தெரியும். சைக்கிளைக் கவிட்டு வச்சு, பின் ரயரில டைனமோவை முட்டவிட்டு, ஒருத்தன் பெடலைக் கையால சுத்த மற்றாக்கள் சுத்திவர இருந்து கேக்கிறது. டைனமோவில இருந்து வாற வயர் ரெண்டையும் ரேப் ரெக்கோடருக்குக் குடுத்தால் செய்தியும் வரும் பாட்டும் வரும். எங்கட வீட்டில கட்டபொம்மன் வசனக் கசற் ஒண்டு இருந்தது. சுத்துறவன்ர கை களைச்சால் சிவாஜியின்ர குரல் தடிச்சு இழுபட்டு, கிணத்துக்கடியில இருந்து வாற மாதிரிக் கேக்கும். அவன் பயந்து போய் விறுக்கெண்டு சுத்தினால் கீச்சுக் குரலாகிவிடும். வெள்ளைக்காரனைப் பாத்து உறுமிற கட்டம் வரேக்க ஆள் மாத்தேலாது எண்டு எங்களுக்குள்ள ஒரு சட்டம், ஏனெண்டால் கை மாறுற நேரம் குரல் அறுந்து போகும், பிறகு திருப்பிச் சுத்தி முதல்ல இருந்து போடோணும்.

பிறகு கரண்ட் வந்து, ஒருநாள் ரீவியில அந்தப் படத்தைப் பாத்தன். வசனம் ஒரு எழுத்துப் பிசகாமப் பாடம். அப்ப எனக்குப் புதுசா என்ன இருந்தது? ஜாக்சன் துரையா வந்த சி.ஆர். பார்த்திபன்ர முகம். கசற்றில அந்த ஆள் வாய் திறக்கிற நேரம் மட்டும்தான் இருப்பார், மற்ற நேரமெல்லாம் இல்லை. படத்தில அவர் கட்டபொம்மன் கதைக்கிற நேரமும் அங்கதான் இருக்கிறார், ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டு. அண்டைக்குத்தான் அந்தச் சண்டை எனக்கு உண்மையா விளங்கினது.

அதால என்ர கட்சி இதுதான். ரேடியோவில இல்லாத சாமான் ஒண்டு கதைக்கிற படத்திலயும் இருக்கு, அது கேக்கிற ஆளின்ர முகம். மேடையில எல்லாரும் ஒரேயடியாத் தெரிவினம், நான் கதைக்கிற ஆளையும் பாக்கலாம், மூலையில வாய்மூடி நிக்கிற ஆளையும் பாக்கலாம், அது என்ர விருப்பம். படத்தில அந்த விருப்பத்தை இயக்குநர் எடுத்துக்கொள்ளுறார். ஆர் வாய் அசைக்கிறாரோ அவரிலயே கமராவை வச்சுக்கொண்டிருந்தால் அது ரேடியோதான், தம்பி சொல்லுறதை நான் முழுசா ஒத்துக்கொள்ளுவன்.

ஜூன் 9

"பன்னிரண்டு பேர் அறைக்குள்ள இருக்கிற அந்த அமெரிக்கப் படம், அதுவும் நாடகத்தில இருந்து வந்ததுதானே" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். ஒரு சின்னத் திருத்தம். அந்த 12 ஆங்ரி மென் மேடையில இருந்து வரேல்லை. ரெஜினால்ட் ரோஸ் 1954 இல தொலைக்காட்சிக்கு எழுதினது, 1957 இல சிட்னி லூமெற் படமாக்கினவர், மேடையில போடத் துவங்கினதும் தொலைக்காட்சிக்குப் பிறகுதான். 1986 இல பாசு சட்டர்ஜி ஹிந்தியில எடுத்தவர்.

ஆனா உதாரணம் சரியான உதாரணம். லூமெற் என்ன செய்தவர் தெரியுமோ? துவக்கத்தில கமரா கண்மட்டத்துக்கு மேல நிக்குது, அகல லென்ஸ், அறை பெரிசாத் தெரியும். நடுவில கண்மட்டத்துக்கு வருது. கடைசிப் பகுதியில கண்மட்டத்துக்குக் கீழ போய், நீள லென்ஸைப் போட்டு, முகங்களை நெருக்கி, மேல்கூரையையும் தெரிய வைக்கிறார். அறை அதே அறைதான், சுவர் உள்ளுக்கு வாற மாதிரி எங்களுக்கு மூச்சு முட்டுது. இதை மேடையில செய்யேலாது, ரேடியோவில நினைக்கவே ஏலாது. இது காட்சி ஊடகம் இல்லையெண்டால் வேற எது தம்பி?

இன்னொண்டு. காட்சி ஊடகம் எண்டு சொல்லுற ஆக்கள் உடன பாலு மகேந்திராவை எடுத்து முன்னுக்கு வைப்பினம். அவர் எங்கட மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர், எனக்கும் உயிர். அவர் அமைதியால செய்ததை இன்னொருத்தர் கதையால செய்தால் என்ன குற்றம்?

ஜூன் 10

ஹிச்கொக் எடுத்த டயல் எம் ஃபோர் மேர்டர் (1954) ஃபிரெடெரிக் நொட்டின்ர நாடகம். ஹிச்கொக் அதைத் தெருவுக்கும் ரயிலுக்கும் இழுத்துக்கொண்டு போகேல்லை, பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளயே வச்சு முடிச்சார். நாடகத்தைப் படமாக்கிற ஆக்கள் அதை வெளியால விரிக்கிறது பிழை, அதின்ர பலமே அடைபட்டுக் கிடக்கிறதுதான் எண்டது அவற்ர கருத்து. அதில நீதிமன்ற விசாரணை முழுக்க கிரேஸ் கெலியின்ர முகம் மட்டும்தான், பின்னால நிறம் மாறிக்கொண்டிருக்கும், குரலுகள் எங்கேயோ இருந்து வரும். அவ கேட்டுக்கொண்டு நிக்கிறா. நீதிமன்றம் கட்டுற செலவும் இல்லை.

ஜூன் 12

நல்லூர் அக்கா ஒருத்தர் நல்லாக் கேட்டிருக்கிறா: "நீங்கள் சொல்லுற கேக்கிற முகம் பராசக்தியில எங்க இருக்கு? குணசேகரன் நீதிமன்றத்தில நிண்டு எங்களைப் பாத்தெல்லோ கதைக்கிறான், நீதிபதிக்கில்லையே."

அக்கா சொல்லுறது உண்மை. அந்தப் பேச்சு கூண்டுக்கு வெளியால, திரைக்கும் வெளியால, தியேட்டரில வாங்கில இருக்கிற சனத்துக்குச் சொன்னது. அப்ப கேக்கிற முகம் எங்கட முகம். எங்கட ஐயா விண்ட்சர் தியேட்டரில பழைய படங்கள் பாத்த கதை சொல்லேக்க, வசனம் வரமுதலே சனம் சொல்லத் துவங்கிவிடும், திரையில வாறது பிறகுதான் எண்டு சொல்லுவார். அந்த நேரம் தியேட்டரே மேடையாகிவிடுது. இண்டைக்கு போனில தனிய இருந்து அதே காட்சியைப் பாத்தால் நீளமாத்தான் தெரியும், அதில பெடியளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனா அதே படத்தில கல்யாணியின்ர விசாரணையை நினைச்சுப் பாருங்கோ அக்கா. பிள்ளையைக் கொன்ற குற்றத்துக்கு அவள் கூண்டில நிக்கிறாள், நீதிபதி அவளின்ர சொந்தத் தமையன், ரெண்டு பேருக்கும் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவருக்கு விளங்கி, கடைசியில மயங்கி விழுறார். நடிச்சது எஸ்.வி. சகஸ்ரநாமம், சேவா ஸ்டேஜ் எண்ட நாடகக்குழுவை நடத்தினவர், மேடையில ஊறின மனுசன். அந்த இடத்தில காட்சியைத் தாங்கிறது கேக்கிற ஆள்தான். எல்லாரும் பாடமாக்கினது குணசேகரனை, எனக்கு அந்தப் படத்தில பிடிச்சது இது.

ஜூன் 13

விடுபட்டது ஒண்டு. எட்வேர்ட் ஓல்பியின்ர நாடகத்தில இருந்து மைக் நிக்கல்ஸ் 1966 இல எடுத்த ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஒஃப் வேர்ஜினியா வூல்ஃப். நாலே நாலு பேர், விடிய விடியக் குடியும் சண்டையும் கதையும். நாலு பேரும் ஒஸ்காருக்குப் போனவை. வாங்கினது எலிசபெத் ரெயிலரும் சாண்டி டெனிஸும். சாண்டி டெனிஸின்ர பாத்திரம் மற்ற மூண்டு பேரையும் விடக் குறையத்தான் கதைக்கும். கன இடத்தில சோபாவில இருந்து மற்றவை கிழிபடுறதைப் பாத்துக்கொண்டிருப்பா, அந்தச் சங்கடமான சிரிப்போட. எல்லாரும் வெளியால வெளிக்கிட்டு ஒரு மதுக்கடைக்குப் போற பகுதி படத்துக்கெண்டு சேத்தது, அங்கதான் எனக்குப் பிடி விட்டுப் போனது.

ஜூன் 15

கேக்கிறதைப் பற்றி நான் இவ்வளவு எழுதுறதுக்குக் காரணம் ஒண்டு இருக்கு, சொல்லிவிடுறன். பள்ளிக்கூடத்தில தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் போடேக்க எனக்கு ஒரு காவலாளி வேசம். வசனமே இல்லை. ராசா நீளமாக் கதைப்பார், நான் ஈட்டியோட பக்கத்தில நிக்கோணும். ஒத்திகையில நான் விட்டத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். பழக்கின சேர் நிப்பாட்டிப்போட்டு, "சும்மா நிக்காத, கேள்" எண்டார். அடுத்த முறை உண்மையாவே ராசா என்ன சொல்லுறார் எண்டு கேட்டன். அந்த ராசா வேசக்காரன் என்ர வகுப்புப் பெடியன்தான், பிறகு சொன்னான், எனக்குச் சொல்லுறதுக்கு இப்ப ஆள் இருக்கு எண்டு.

ஜூன் 16

மறுபக்கம் எழுதாட்டி நியாயமில்லை. கோமல் சுவாமிநாதனின்ர தண்ணீர் தண்ணீர் நாடகத்தை பாலச்சந்தர் 1981 இல படமாக்கேக்க வெளியால கொண்டுபோனார், அது சரியான முடிவு. ஏனெண்டால் அந்தக் கதையில இல்லாத சாமான் தண்ணி. இல்லாததைக் காட்டுறதுக்கு வெடிச்ச நிலமும் வெறும் குடமும் மாட்டுவண்டியும் வெயிலும் வேணும். மேடையில ஆக்கள் தண்ணியில்லை தண்ணியில்லை எண்டு சொல்லோணும், படத்தில அந்த மண்ணைப் பாத்தாலே காணும். அப்பிடியிருந்தும் பாலச்சந்தர் பேச்சைக் கைவிடேல்லை, ஊர்ச்சனம் கூடிக் கதைக்கிற இடங்களில மேடையின்ர சூடு அப்பிடியே இருக்கு. யாழ்ப்பாணத்தில கிணறு உப்பாப் போன ஊருக்காரருக்கு அந்தப் படத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்ப ஹிச்கொக் சொன்னதோட இது எப்பிடி ஒத்துப்போகும் எண்டு கேப்பியள். ஒத்துப்போகத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். கதை எதில அடைபட்டுக் கிடக்கு எண்டு பாக்கோணும். வீட்டுக்குள்ள அடைபட்டால் வீட்டை விடக்கூடாது, வறட்சிக்குள்ள அடைபட்டால் வறட்சியைக் காட்டித்தான் ஆகோணும்.

இஞ்ச நடந்த ஒண்டையும் சொல்லோணும், ஆர் எவர் எண்டு சொல்லேல்லை. ஒரு நல்ல வீட்டு நாடகம், வெளிநாட்டுக்குப் போக நிக்கிற மகனும் விட மனமில்லாத தாயும் குசினி வாசலில நிண்டு கதைக்கிறது. மேடையில பாத்திட்டு எழும்பேலாம இருந்தனான். அதைப் படமாக்கினவை நடுவில ட்ரோனை ஏத்தி கசூரினாக் கடற்கரையைக் காட்டி, பண்ணைப் பாலத்தைக் காட்டி, பின்னால வயலினும் போட்டிட்டினம். தாயும் மகனும் எங்க போனவை எண்டே தெரியேல்லை. கதை கூடிப்போச்சு எண்டு பயந்துதான் உப்பிடிச் செய்யினம். பயப்பிட வேண்டியது அதுக்கில்லை. எனக்கு அண்டைக்கு வந்தது கோவமில்லை, அழுகை, ஏனெண்டால் அந்தத் தாயா நடிச்ச அக்கா மேடையில கையைச் சீலைத் தலைப்பில துடைச்சுக்கொண்டே இருந்தவா, கை காஞ்ச பிறகும் துடைச்சவா, அது படத்தில ஒரு இடத்திலயும் இல்லை.

ஜூன் 19

எல்லா நாடகமும் படமாகும் எண்டு நான் சொல்லேல்லை. குழந்தை ம. சண்முகலிங்கத்தின்ர மண் சுமந்த மேனியரை எடுங்கோ, 1985 இல சிதம்பரநாதன் நெறியாள்கை செய்தது. அதில ரெண்டு பேர் இருந்து கதைக்கிற வீட்டுக்கதை இல்லை. பாட்டு, கூட்டமா அசையிற உடம்புகள், சனத்துக்கு நேர வந்து கேள்வி கேக்கிறது. ஊர் ஊராப் போட்டவை. அண்டைய நிலைமையில அந்தச் சனம் முன்னால இருந்தபடியால்தான் அது நாடகம். கமரா வச்சால் ஒரு பதிவு கிடைக்கும், பதிவு வேணும்தான், ஆனா படம் கிடைக்காது. வி.வி. வைரமுத்துவின்ர மயான காண்டமும், அரிச்சந்திரன் கதையைச் சொல்லுற இசைநாடகம், அப்பிடித்தான், சந்திரமதி அழேக்க சனமும் சேந்து அழுதால்தான் அது முழுசு.

ரத்தக்கண்ணீரிலயும் இந்தச் சிக்கல் இருக்கு. எம்.ஆர். ராதா மேடையில அண்டண்டைக்கு நடக்கிறதை எல்லாம் இடையில இழுத்துப் போடுவார் எண்டது ஊரறிஞ்சது. படம் வந்த பிறகும் வருசக்கணக்கா மேடையில போட்டவர். படத்தில எங்களுக்குக் கிடைச்சது அவர் நடிச்ச ஒரே ஒரு மோகன். அந்த ஒரு மோகனே இவ்வளவு காலம் நிண்டு பிடிக்குது எண்டால் மேடையில எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஏக்கமா இருக்கு.

ஜூன் 20

"எங்கட நாட்டுப் படம் ஒண்டும் இல்லையோ" எண்டு கேட்ட அண்ணைக்கு: கோமாளிகள் (1976). அது மேடையில இருந்தில்லை, இலங்கை வானொலியில போன கோமாளிகளின் கும்மாளம் நாடகத்தில இருந்து வந்தது. மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி எண்டு குரலால ஊருக்குத் தெரிஞ்ச ஆக்கள், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தமிழ். சனம் தியேட்டருக்குப் போனது குரலுக்கு முகம் பாக்க. ரேடியோ காணும் எண்டால் ஏன் போனவை?

ஜூன் 24

கொஞ்ச நாள் எழுதேல்லை. ஃப்ளோரியன் செல்லர் தன்ர நாடகத்தைத் தானே படமாக்கின த ஃபாதர் (2020) படத்தை வீட்டில திருப்பிப் பாத்தம். அந்தொனி ஹொப்கின்ஸ் 83 வயசில ஒஸ்கார் வாங்கினது. ஒரு வீடு, ஒரு வயசுபோன மனுசன், ஞாபகம் கழண்டுகொண்டு போகுது. கதைச்சுக்கொண்டுதான் இருக்கினம், ஆனா நாங்கள் கவனிக்காம இருக்கேக்க வீடு மாறுது. கதவு அதே கதவு, சுவரின்ர நிறம் வேற. கதிரை இருந்த இடத்தில வேற கதிரை. பேந்து பாத்தால் மகளின்ர முகமே வேற ஆள்.

எங்கட பெரியம்மாவுக்கு இந்த வருத்தம் வந்து கடைசிக் காலத்தில எங்களோடதான் இருந்தவா. எப்ப வீட்டை போறது எண்டு கேட்டுக்கொண்டே இருப்பா, இருக்கிறது அவ பிறந்த வீடு. இதுதான் உங்கட வீடு பெரியம்மா எண்டு சொன்னால் சுவரைத் தடவிப் பாப்பா, பிறகு என்னைப் பாத்துத் தலையாட்டுவா, என்ர மனம் நோகக்கூடாது எண்டு தலையாட்டுற மாதிரி. அவவுக்கு அந்தச் சுவர் எப்பிடித் தெரிஞ்சிருக்கும் எண்டு எனக்கு அந்த நேரம் விளங்கேல்லை, அந்தப் படம் பாக்கேக்கதான் விளங்கினது. மேடையில இருந்து வந்த, வாயால ஓடுற ஒரு படம்தான் அதை எனக்குக் காட்டினது. மனுசி பக்கத்தில இருந்து ஒண்டும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை.

ஜூன் 28

கோண்டாவில் தம்பி நாடகத்தைப் படமாக்கிறது எண்டு முடிவெடுத்திட்டாராம். சந்தோசம். அப்ப உருப்படியா சிலதைச் சொல்லுறன், இதில எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் இருக்கு.

முதல் ஒலி. எங்கட ஊர்ப் படங்களில கதை சனத்துக்குச் சலிக்கிறதுக்குப் பாதிக் காரணம் கதை வடிவாக் கேக்காததுதான். சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம், மேல சீற், உள்ளுக்க நிண்டு கதைச்சால் ஒவ்வொரு சொல்லுக்கும் வால் முளைக்கும். கமராவுக்குத் தெரியாத பக்கத்தில பாயையும் பெற்சீற்றையும் தொங்கவிடுங்கோ, நிலத்தில ரெண்டு சாக்கை விரியுங்கோ. ஃபானை நிப்பாட்டுங்கோ, வேர்த்தால் வேர்க்கட்டும். ஃப்ரிட்ஜை ஓஃப் பண்ணுங்கோ. மைக்கைச் சட்டைக்குள்ள குத்தினால் துணி உரசிற சத்தம் வரும், தலைக்கு மேல தடியில பிடிக்கிறதுதான் நல்லம். எடுத்து முடிய அந்த அறையில ஆரும் கதைக்காம ஒரு நிமிசம் சும்மா பதிஞ்சு வையுங்கோ, எடிற்றிங்கில ஓட்டை விழுற இடத்துக்கு அதுதான் கைகுடுக்கும்.

ரெண்டாவது ஒத்திகை. லூமெற் அந்தப் பன்னிரண்டு பேரையும் ரெண்டு கிழமை ஒத்திகை பாத்த பிறகுதான் கமராவை எடுத்தவர். உங்களுக்கு ஏற்கனவே மேடையில போட்ட ஆக்கள் இருக்கினம், வசனம் ரத்தத்தில ஊறியிருக்கு, அவையை மாத்தி முகவடிவான ஆக்களைப் போடாதேங்கோ. மேடையில பின்வரிசைக்குக் கேக்கோணும் எண்டு கதைச்சுப் பழகினவை, அதைத்தான் கொஞ்சம் இறக்கோணும், அதுக்கு உண்மையான வீட்டில வச்சு ஒத்திகை பாத்தால் தானா இறங்கும், பக்கத்தில நிக்கிற மனுசனுக்கு ஆர் கத்துவினம்?

பிறகு, நீளமாக் கதைக்கிற இடமெல்லாத்தையும் ரெண்டு தரம் எடுங்கோ, ஒண்டு கதைக்கிற ஆளில, மற்றது கேக்கிற ஆளில, முழு நீளத்துக்கு. ரெண்டாவதை எடுக்கேக்க மற்ற ஆள் கமராவுக்கு வெளியால நிண்டு உண்மையாவே நடிச்சுச் சொல்லோணும், எழுத்தைப் பாத்து வாசிச்சால் கேக்கிற முகம் செத்துப்போகும்.

வீடு வேணுமெண்டால் நல்லூர்ப் பக்கம் எங்கட பழைய வீடு பூட்டித்தான் கிடக்கு. ஓட்டுக்கூரை, மண்சுவர், எதிரொலி இல்லை. திறப்பு பக்கத்து வீட்டில வாங்கலாம், நான் சொல்லிவிடுறன். ஒண்டு மட்டும், கோயில் கொடியேற முதல் எடுத்து முடியுங்கோ. கொடியேறினால் விடியவே ஸ்பீக்கர் போடத் துவங்கிவிடுவினம், பிறகு இருபத்தைஞ்சு நாளைக்கு ஒரு வசனமும் எடுக்கேலாது.